உப்புமணலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரு மெட்டல் டிடெக்டர்: காசைக் கொட்டறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளுங்க

தம்பி, தங்கச்சிங்களா, மெல்போர்ன்லயும் சிட்னியிலயும் பெர்த்லயும் இருக்கற நம்ம பிள்ளைங்களுக்குத்தான் இது. கோடை வந்தா கடற்கரை, நீண்ட விடுமுறை வந்தா பல்லாரட், பெண்டிகோ பக்கம் போய்த் தங்கம் தேடறதுன்னு உங்கள்ல பல பேருக்கு ஆசை வந்திருக்கு. நல்ல ஆசைதான். ஃபோனைக் கீழ வச்சுட்டு வெளியில நடக்கறீங்க, குழந்தைங்களும் கூட வருது. ஆனா நீங்க மெட்டல் டிடெக்டர் வாங்கற விதம் எனக்குப் பிடிக்கல. ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஃபோனைப் பார்த்து, விலை கம்மி, நாலரை நட்சத்திரம்னு ஆர்டர் போட்டுடறீங்க. அப்புறம் அலை ஓரத்துல அது நிக்காம கத்துது, செம்மண்ணுல ஒண்ணையும் காட்டலன்னு கராஜ்ல போட்டுடறீங்க. மண்ணைப் பார்க்காம மிஷினைப் பார்த்து வாங்கினா இப்படித்தான் ஆகும்.

1. முதல்ல உங்க மண்ணு என்னன்னு பாருங்க

காய்ஞ்ச வெள்ளை மணல்ல எந்த டிடெக்டரும் ஓரளவு வேலை செய்யும். சிக்கல் ரெண்டு இடத்துலதான். ஒண்ணு, கடல்தண்ணி ஊறின ஈரமணல். உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், அதனால டிடெக்டர் அதையே உலோகம்னு எடுத்துக்கும். இன்னொண்ணு, இரும்புத்தாது நிறைஞ்ச தரை. மேக்னடைட் கலந்த கருமணல், விக்டோரியாவோட இரும்புக்கல், கால்கூர்லி பக்கத்துச் செம்மண் எல்லாம் இதுல சேரும். தரையே சிக்னல் கொடுக்கறதால, உள்ள கிடக்கற மோதிரத்தோட சத்தம் அதுல அமுங்கிப் போயிடும்.

இதுக்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். கடைக்காரர் பாத்திரத்தோட எடையைக் கழிச்சுட்டு எண்ணெயை நிறுக்கற மாதிரி, இது தரையோட சிக்னலைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் காட்டும். ஒரே ஒரு ஃப்ரீக்வென்சியில ஓடற மிஷினால ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஒழுங்காக் கழிக்க முடியும். உப்பைக் கழிச்சா இரும்பு நிக்கும், இரும்பைக் கழிச்சா உப்பு நிக்கும். கருமணலும் கடல்தண்ணியும் சேர்ந்த கரையில அது திணறிடும். ஒரே சமயத்துல பல ஃப்ரீக்வென்சி அனுப்பற மிஷின்தான் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும்.

உங்க கரையில கருமணல் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஆராய்ச்சி வேண்டாம். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மணல்ல இழுங்க. கருப்புப் பொடி அப்பிக்கிட்டு வந்தா இரும்புத்தாது இருக்குன்னு அர்த்தம். பெர்த்ல காட்டஸ்லோ, ஸ்கார்பரோ மாதிரி வெள்ளை மணல் கரை இருக்கறவங்க கொடுத்து வச்சவங்க. நியூ சவுத் வேல்ஸோட வடக்குக் கரை அப்படி இல்ல. பைரன் பே பக்கமெல்லாம் போன நூற்றாண்டுல ருடைல், ஜிர்கான், இல்மனைட்டுக்காக மணல் தோண்டின இடங்கள்.

2. 'மல்டி'ன்னு போட்டிருந்தா ஏமாறாதீங்க

இங்கதான் படிச்ச பிள்ளைங்ககூட வழுக்கி விழறீங்க. பெட்டி மேல '5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ்'னு நாலு எண் போட்டிருக்கும். அது நாலும் ஒண்ணா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. நாலுல ஒண்ணை நீங்க தேர்ந்தெடுத்துக்கலாம், அவ்வளவுதான். மைன்லேப் எக்ஸ்-டெர்ரா ப்ரோ இந்த வகை. தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் காய்ஞ்ச மணலுக்கும் அருமையான மிஷின், ஆனா அதுல எல்லா ஃப்ரீக்வென்சியும் சேர்ந்து ஓடாது. அதே குடும்பத்துல வந்த எக்ஸ்-டெர்ரா எலீட்டுல ஓடும். பேர் ஒண்ணு போலவே இருக்கும், உள்ளே இருக்கற வேலை வேற. கடையில "ஒரே சமயத்துல பல ஃப்ரீக்வென்சியா, இல்ல மாத்திக்கிற வகையா?"ன்னு நேரடியாக் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற கடை பாருங்க.

3. சரி, எதை வாங்கறது?

விலை மாசத்துக்கு மாசம் மாறும், அதனால தொகையைச் சொல்லி உங்களைக் குழப்பல. ஒவ்வொண்ணா சொல்றேன்.

• மைன்லேப் வேன்குவிஷ் 340, 440, 540: பல ஃப்ரீக்வென்சி சேர்ந்து ஓடற மிஷின்கள்ல கைக்கு எட்டற விலை. ஆன் பண்ணினா வேலை செய்யும், செட்டிங் தொல்லை இல்ல. நேரமே இல்லாதவங்களுக்கு 440 போதும். ரெண்டு குறை தெரிஞ்சுக்கோங்க. காயில், அதாவது தரையை ஒட்டி இருக்கற தட்டு மட்டும்தான் தண்ணியில நனையலாம், மேல இருக்கற பெட்டி முழுகக் கூடாது. கிரவுண்ட் பேலன்ஸை நாமே சரிபண்ற வசதியும் இல்ல. ஈரமணலுக்கு நல்லது, கடுமையான செம்மண்ணுக்கு அரைகுறை.

• நோக்டா ஸ்கோர் வரிசை, மைன்லேப் எக்ஸ்-டெர்ரா எலீட்: முழு மிஷினும் 5 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி தாங்கும், பல ஃப்ரீக்வென்சியும் சேர்ந்து ஓடும். அலையில இறங்கி நிக்கற ஆளுங்களுக்கு என் ஓட்டு இங்கதான்.

• நோக்டா லெஜண்ட்: இன்னும் கொஞ்சம் செலவு. செட்டிங் நிறைய, கிரவுண்ட் பேலன்ஸை நம்ம கையால சரிபண்ணலாம். கரைக்கும் இரும்பு மண்ணுக்கும் மாறி மாறிப் போறவங்களுக்குப் பொருத்தம். பொறுமை இல்லாதவங்க இதை வாங்கிட்டு மெனுவுக்குள்ள தொலைஞ்சு போகாதீங்க.

• கேரட் ஏஸ் ஏபெக்ஸ்: நல்ல மிஷின், லேசானது. இதுலயும் காயில் மட்டும்தான் முழுகலாம்.

நோக்டா சிம்ப்ளெக்ஸ், கேரட் ஏஸ் 300 மாதிரி ஒரே ஃப்ரீக்வென்சி மிஷின்களைக் குறை சொல்லல. குழந்தைங்க கையில கொடுக்க, புல்தரையில காசு தேட, காய்ஞ்ச மணல்ல நடக்க அது தாராளமாப் போதும். அலை வந்து தொடற இடத்துக்கு அதைக் கொண்டு போனீங்கன்னா சென்சிட்டிவிட்டியைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில கைத்தடி பிடிச்சு நடக்கற நிலைமைக்கு வந்துடுவீங்க.

4. பி.ஐ. மிஷினுக்கு அவசரப்படாதீங்க

பல்ஸ் இண்டக்ஷன்னு ஒரு வகை. உப்பையும் இரும்பு மண்ணையும் பெரும்பாலும் கண்டுக்காது, ஆழமாவும் பார்க்கும். அப்போ அதையே வாங்கலாமேன்னு கேப்பீங்க. அது ஆணியையும் மோதிரத்தையும் பிரிச்சுச் சொல்றதுல ரொம்ப வீக். ஹேர்பின், துருப்பிடிச்ச கம்பி, சோடா மூடி எல்லாத்துக்கும் தோண்டணும். வாரத்துல ஒரு சாயங்காலம் மட்டும் நேரம் கிடைக்கற உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

5. தங்கம் எந்த எண்ணுல வரும்னு தெரிஞ்சுக்காம எதையும் அடைக்காதீங்க

நான் பார்க்கற தப்புலயே பெரிய தப்பு இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். ஒவ்வொரு பொருளுக்கும் திரையில ஒரு எண் வரும். அலுமினியத் தாள், கூல்டிரிங்க்ஸ் டப்பாவைத் திறக்கற வளையம் இதெல்லாம் தொல்லைன்னு அந்த எண்களை நீங்க அடைச்சு வச்சுடறீங்க. தங்க மோதிரமும் அதே எண்கள்லதான் வரும்! குப்பையை அடைச்சா தங்கத்தையும் சேர்த்து அடைச்ச மாதிரி. அலுமினியத் தாளும் வளையமும் தோண்ட மனசு வராதவங்க கடற்கரையில தங்கம் எடுக்க முடியாது. இரும்பை மட்டும் அடைங்க, மத்ததெல்லாம் தோண்டுங்க. மணல்தானே, ஒரு அள்ளுல வந்துடும்.

நம்ம நகைக்குன்னு தனியா சில விஷயம் இருக்கு:

• சுத்தம் கூடக் கூடத் தங்கம் மின்சாரத்தை நல்லாக் கடத்தும். அதனால நம்ம 22 காரட் மோதிரமும், இங்கத்துக் கடையில விக்கற அதே அளவு 9 காரட் மோதிரமும் ஒரே எண் காட்டாது.

• மெல்லிசான சங்கிலிதான் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம். மிஷினுக்கு அது ஒரு முழு நகையாத் தெரியாது, சின்னச் சின்னக் கண்ணியாத்தான் தெரியும். பல சமயம் கொக்கியோ டாலரோதான் சத்தம் கொடுக்கும். ஈரமணல்ல உப்பைக் கழிக்கும்போது இந்த மெல்லிசுச் சிக்னலும் சேர்ந்து கழிஞ்சு போயிடலாம். தாலிக்கொடி மாதிரி கெட்டியா இருந்தா பயம் கொஞ்சம் கம்மி.

• தோட்டுத் திருகாணி தொலைஞ்சா பெரிய காயிலோட போகாதீங்க. சின்ன காயில், மெதுவான வீச்சு.

• மிஷின் வந்த முதல் நாளே வீட்டுக்கு வெளியில, கரண்ட் ஒயர் இல்லாத இடத்துல, உங்க நெளி மோதிரம், வளையல், கொலுசு, ஒரு டாலர், ரெண்டு டாலர் காசு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா காட்டி எண்ணை எழுதி வச்சுக்கோங்க. அரை மணி நேர வேலை. எந்தப் புத்தகமும் இதைவிட நல்லாச் சொல்லித் தராது. முடிஞ்சதும் எண்ணி எடுத்து உள்ள வைங்க.

6. காயில்

டபுள்-டி வகை வாங்குங்க. இரும்பு மண்ணுல அதுதான் நிதானமா இருக்கும். 10, 11 அங்குலம் எல்லாத்துக்கும் பொது. பெருசு வாங்கினா ஆழம் கூடும்னு நினைக்காதீங்க. பெரிய காயில் தரையையும் கூடுதலாப் பார்க்கும், அதனால தாது நிறைஞ்ச மண்ணுல சத்தமும் கூடும். அங்க சின்ன காயில்தான் சமாளிக்கும்.

7. இவங்ககிட்ட மாட்டாதீங்க

• '3 மீட்டர் ஆழத்துல காசு' விளம்பரம். நல்ல மிஷின், நல்ல மண்ணு, ஒரு காசு: ஒரு முழங்கையில பாதி ஆழம் கிடைச்சாலே நல்ல வேலை. செம்மண்ணுல அதுவும் குறையும்.

• ஆன்டெனா கம்பி ரெண்டைக் கையில பிடிச்சா 100 மீட்டர் தள்ளி இருக்கற தங்கத்தைக் காட்டும்னு விக்கற 'லாங் ரேஞ்ச் லொகேட்டர்'. அப்படி ஒரு மிஷின் கிடையாது. ஊர்ல இரிடியம் கலசம்னு சொல்லி எத்தனை குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தினாங்கன்னு பேப்பர்ல படிச்சிருக்கீங்க இல்ல? அதே கூட்டம், வேற சாமான்.

• நல்ல கம்பெனி பேர்ல வர்ற போலி. பாதி விலைன்னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க. அந்தக் கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற கடையில வாங்கி, சீரியல் நம்பரை வாரண்டிக்குப் பதிவு பண்ணிடுங்க.

• பழசு வாங்கறதுல தப்பே இல்ல. ஆனா பில் இருக்கணும், வாரண்டி மிச்சம் இருக்கணும், விக்கறவரைக் கடற்கரைக்கே வரச் சொல்லி ஈரமணல்ல உங்க மோதிரத்தை வச்சுப் பார்த்துட்டுத்தான் காசு. வர மாட்டேன்னா விட்டுடுங்க.

8. மிஷினுக்கே மொத்தக் காசையும் போடாதீங்க

கையில இருக்கற பணத்துல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கி வைங்க. மணல் அள்ளற கரண்டி முதல் தேவை. காய்ஞ்ச மணலுக்கு பிளாஸ்டிக் போதும், அலையில நிக்கறவங்களுக்கு நீளக் கைப்பிடி வச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கரண்டி இல்லாமப் போனா பாதி நேரம் கையால மணலைத் துழாவறதுலயே போயிடும். அடுத்தது ஹெட்ஃபோன்: அலைச் சத்தத்துல மெல்லிசான சிக்னல் காதுல விழாது. தண்ணிக்குள்ள ப்ளூடூத் வேலை செய்யாது, முழுகறவங்க ஒயர் வச்சதைக் கேட்டு வாங்குங்க. தோண்டின குழியில பொருள் எங்கன்னு காட்டற சின்னக் கைக்கருவி, பின்பாயிண்ட்டர், செம்மண் பக்கம் போறவங்களுக்கு அவசியம், கடற்கரைக்கு மட்டும்னா அப்புறம் பார்த்துக்கலாம்.

9. நேரம் இல்லாதவங்களுக்கு அஞ்சு நிமிஷ செட்டிங்

• கரைக்குப் போனதும் பீச் மோடு இருந்தா அதைப் போடுங்க. அப்புறம் நாய்ஸ் கேன்சல். ஃபோனைப் பையில போட்டு மிஷினை விட்டுத் தள்ளி வைங்க.

• கிரவுண்ட் பேலன்ஸ் வசதி இருக்கற மிஷின்னா, உலோகம் இல்லாத இடத்துல காயிலை மேலயும் கீழயும் ஆட்டி அதைச் சரிபண்ணுங்க. காய்ஞ்ச மணல்லேருந்து ஈரமணலுக்கு இறங்கினா மறுபடியும் பண்ணணும். இதை மறந்துட்டுத்தான் "மிஷின் கத்துது"ன்னு ஃபோன் பண்றீங்க.

• அப்பவும் கத்தினா சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. அமைதியா ஓடற மிஷின்தான் அதிகம் கண்டுபிடிக்கும். முழுசா ஏத்தி வச்சா ஆழம் வராது, தலைவலி வரும்.

• தண்ணிக்குள்ளேருந்து கரைக்குப் போறதும் வர்றதுமா நடந்தா ஒவ்வொரு அடிக்கும் உப்பு மாறும். தண்ணி ஓரத்துக்கு இணையா, கரையோட நீளத்துல நடங்க. காயிலைத் தூக்கி வீசாம, தரையை ஒட்டி மெதுவா.

10. எப்போ, எங்க

கடல் உள்வாங்கற நேரத்தை முன்னாடியே பார்த்து, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இறங்குங்க. தண்ணி பின்னாடி போகப் போக நீங்களும் கூடப் போகலாம். புயல் அடிச்சு மணலை அரிச்சுட்டுப் போன மறுநாள்தான் உண்மையான வாய்ப்பு. கனமான பொருள் எல்லாம் பள்ளத்துல சேர்ந்து கிடக்கும். நேரம் கம்மின்னா துண்டு விரிச்சு உக்கார்ற இடம், கார் பார்க்கிங்லேருந்து இறங்கற வழி. அலைக்கு முதுகைக் காட்டி நிக்காதீங்க. தனியா முட்டிக்கு மேல தண்ணியில இறங்காதீங்க. இதுல விவாதம் வேண்டாம்.

11. தங்க வயலுக்கும் இதே மிஷினான்னு கேக்கறவங்களுக்கு

1980-ல விக்டோரியாவுல கிங்கவர் கிட்ட 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டி மெட்டல் டிடெக்டர்லதான் கிடைச்சது. அதைச் சொல்லித்தான் எல்லாரும் கிளம்பறீங்க. அதுக்கப்புறம் அந்த மண்ணை எத்தனை பேர் சல்லடை போட்டிருப்பாங்கன்னு யோசிங்க. இப்போ மிச்சம் இருக்கறது பொடியும், ஆழத்துல இருக்கறதும். ஆழத்துக்கு மைன்லேப் ஜி.பி.எக்ஸ் 6000 மாதிரி பல ஆயிரம் டாலர் பி.ஐ. மிஷின் வேணும். பொடிக்கு 45 கிலோஹெர்ட்ஸ்ல ஓடற கோல்டு மான்ஸ்டர் 1000 மாதிரி தங்கத்துக்குன்னே செஞ்ச மிஷின், அதோட விலை நடுத்தரம். உங்க கடற்கரை மிஷினை எடுத்துட்டுப் போங்க, நடங்க, அனுபவம் வரட்டும். ஆனா அதை வச்சு வீட்டுக்கடன் கட்டலாம்னு கணக்குப் போடாதீங்க. ஆசையா இருந்தா முதல்ல ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க.

12. சட்டம்

• விக்டோரியாவுல தங்கம் தேட 'மைனர்ஸ் ரைட்'ங்கற அனுமதிச் சீட்டு வாங்கணும், 10 வருஷம் செல்லும். மேற்கு ஆஸ்திரேலியாவுலயும் வேணும். அங்க சுரங்கக் குத்தகையில இருக்கற நிலம்னா, அது தவிர குத்தகை எடுத்தவரோட அனுமதியும் வேணும்.

• தேசியப் பூங்காக்கள்ல பெரும்பாலும் தடை. கடற்கரைக்கு அந்தந்த கவுன்சிலோட விதியைப் பாருங்க. பூர்வகுடி மக்களோட பாரம்பரிய இடங்கள்ல தோண்டவே கூடாது. பழைய கப்பல் உடைஞ்ச இடத்துலயும் கை வைக்காதீங்க. 75 வருஷத்துக்கு மேல ஆன கப்பல் சிதைவுகளுக்கு 2018-ம் வருஷச் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு.

• பேர் பொறிச்ச மோதிரம் கிடைச்சா போலீஸ்ல கொடுங்க. கிடைச்ச பொருளை உரியவரைத் தேடாம வச்சுக்கிட்டா அது இங்க திருட்டுக் கணக்குல வரும்.

• லீவுக்கு ஊருக்குப் போகும்போது மிஷினைப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. இந்தியாவுல 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். மணவாளக்குறிச்சி கருமணலைப் பார்த்ததும் கை பரபரக்கும், அடக்குங்க. யாழ்ப்பாணம், வன்னி பக்கம் உறவு இருக்கறவங்க அங்க தரையைத் தோண்டற எண்ணத்தையே விட்டுடுங்க. கண்ணிவெடி எடுக்கற வேலை முடியாத இடங்கள் அங்க இருக்கு.

13. வீட்டுக்கு வந்ததும்

எவ்வளவு களைப்பா இருந்தாலும் நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான் சாப்பாடு. தண்டோட இணைப்பைக் கழட்டி உள்ள இருக்கற மணலைத் தட்டுங்க. காயில் மேல போட்டிருக்கற உறைக்குள்ள கருமணல் சேரும், அதையும் கழட்டிக் கழுவணும். சேர்ந்த கருமணலே அடுத்த தடவை பொய்ச் சத்தம் கொடுக்கும். சார்ஜ் போடற இடம் காயாம சார்ஜர் சொருகாதீங்க.

இவ்வளவும் படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு என் தீர்ப்பு: தண்ணியில இறங்குவீங்கன்னா ஸ்கோர் இல்லேன்னா எக்ஸ்-டெர்ரா எலீட். கரையில நடந்தாப் போதும்னா வேன்குவிஷ் 440. ரெண்டுக்கும் காசு சேரலன்னா அவசரப்பட்டுக் கண்டதை வாங்காம வருஷ முடிவுத் தள்ளுபடி வரைக்கும் பொறுங்க, அப்போ விலை இறங்கும்.